நாகருக்கும் தாய்மாமன் உண்டு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாகர். கோயில் வாசலில் கல்லாய் நிற்கும் நாகத்தைப் பற்றி மட்டும் பேசப்போவதில்லை. பாதி பாம்பாகவும் பாதி மனிதராகவும் நம் கதைகளில் வாழ்ந்த ஒரு முழு இனத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த இனம் இன்று உலகமெங்கும் இளையோர் ஆடும் கற்பனை விளையாட்டுகளுக்குள் குடியேறியிருக்கிறது. அங்கே போன நாகர் எப்படி இருக்கிறார்கள்? போகும் வழியில் எதை இழந்தார்கள்? இழந்ததை எடுத்துக் கொடுக்க நயினாதீவும் ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் சேர்ந்த இந்தக் கடற்பரப்பைவிடத் தகுந்த இடம் எது? இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

விளையாட்டு என்றதும் பந்தையும் மட்டையையும் நினைக்க வேண்டாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டி, கதையை முன்னே கொண்டுபோவார்கள். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிதிறந்தது. அதற்குத் துணையாக 1977 இல் வந்த 'மான்ஸ்டர் மானுவல்' என்ற நூலில், அதாவது அந்த விளையாட்டின் விலங்குகளையும் பூதங்களையும் அடுக்கிச் சொல்லும் நூலில், நாகம் இடம்பெற்றது. காவல் நாகம், ஆவி நாகம், நீர் நாகம் என்று மூன்று வகை. பாம்பு உடல், அறிவுள்ள முகம், மந்திர ஆற்றல், நஞ்சு. எங்களுடைய நாகம் கடல் கடந்து அத்தனை தூரம் போயிருக்கிறதே என்று மகிழலாம். ஆனால் அந்த நாகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதற்குத் தாய் யார்? மாமன் யார்? அது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? அதன் வீட்டில் கல்யாணம் எப்படி நடக்கும்? ஒன்றுக்கும் விடை இல்லை. பாழடைந்த கோயிலிலும் இருண்ட குகையிலும் தனியே கிடந்து, வருகிறவனோடு சண்டை பிடிப்பதே அதன் வேலையாகப் போய்விட்டது. ஓர் இனத்தின் பெயர் இருக்கிறது, இனம் இல்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டளவில் பாளியில் எழுதப்பட்ட மகாவம்சம், புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு, அதாவது நாகதீவுக்கு, வந்தார் என்று சொல்கிறது. ஏன் வந்தார்? இரண்டு நாக அரசர்கள் படை திரட்டிப் போருக்கு நின்றார்கள். ஒருவன் மகோதரன். மற்றவன் சூளோதரன். எதற்காகப் போர்? மணிகள் பதித்த ஓர் ஆசனத்துக்காக. அவர்கள் ஒருவருக்கொருவர் யார்? அந்நியரா? பரம்பரைப் பகைவரா? மாமனும் மருமகனும்! மகோதரனின் தங்கை கண்ணவட்டமான மலையின் நாக அரசனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் தகப்பன் அந்த மணி ஆசனத்தை மகளுக்குக் கொடுத்தான். கொடுத்துவிட்டு இறந்தான். இப்போது அந்த ஆசனம் யாருக்கு? தங்கையின் மகனுக்கா, அண்ணனுக்கா? இதுதான் வழக்கு. இந்த வழக்குக்காகக் களனியிலிருந்து மணியக்கிகன் என்ற இன்னொரு நாக அரசனும் வந்து சேர்கிறான். அவன் யார்? மகோதரனின் தாய்மாமன். மாமனுக்கும் மருமகனுக்கும் நடக்கும் சண்டைக்கு மாமனின் மாமன் வந்து நிற்கிறான். இதைச் சொன்னவருக்கு நாகர் என்றால் பாம்புக் கூட்டம் அல்ல, சுற்றம் என்பது தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இந்த வழக்கை இன்னொருவர் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. தகப்பன் மகளுக்குக் கொடுத்தது சீதனம். அதன்மீது சகோதரனுக்கு என்ன உரிமை? 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டம், சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பார்த்ததன் காரணமே இத்தகைய வழக்குகள்தான். உடனே ஒருவர் எழுந்து, ஆயிரத்து இருநூறு ஆண்டு பிந்திய சட்டத்தைக் கொண்டு நாகருக்குத் தீர்ப்பெழுதலாமா என்று கேட்பார். நியாயமான கேள்வி. நாகர் தேசவழமையின்படி வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல ஒரு சான்றும் இல்லை. நான் சொல்வது வேறு. கதையை எழுதியவர் பாம்பினத்துக்குப் போர்க் காரணம் தேடியபோது பசியைத் தேர்ந்தெடுக்கவில்லை, நஞ்சைத் தேர்ந்தெடுக்கவில்லை, மனிதர்மீதான வெறுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெண்வழி வந்த சொத்தின் உரிமையைத் தேர்ந்தெடுத்தார். சொத்து இருந்தால் வழக்கு இருக்கும். வழக்கு இருந்தால் சாட்சி இருக்கும், பெரியவர் இருப்பர், சமாதானம் பேச ஒருவர் வேண்டும். ஒரே ஒரு ஆசனத்தை வைத்து அவர் ஒரு சமுதாயத்தையே கட்டியிருக்கிறார். முடிவையும் பாருங்கள். புத்தரின் உபதேசம் கேட்டு இருவரும் ஆசனத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவர் அதை அவர்களிடமே வணக்கத்துக்குரிய பொருளாக விட்டுச் சென்றார். எண்பது கோடி நாகர் அன்று சரணடைந்தார்கள் என்கிறது மகாவம்சம். எண்ணிக்கை காவியத்தின் எண்ணிக்கை. ஆனால் மாமனுக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை, இருவருக்கும் பொது என்று வந்த முடிவு, காணி வழக்கில் களைத்துப்போன எந்தக் குடும்பத்துக்கும் விளங்கும் முடிவு.

தமிழிலும் இந்தக் கதை உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், மணிபல்லவத் தீவில் உள்ள புத்த பீடிகைக்காக நாகநாட்டு அரசர் இருவர் போர் செய்தார்கள். மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. என் வாதத்துக்கு அதைவிடப் பெறுமதியான பகுதி ஒன்று அதே காவியத்தில் இருக்கிறது. அது ஆதிரையின் கணவன் சாதுவனின் கதை. கையிலிருந்த பொருளைச் சூதிலும் கணிகை வீட்டிலும் தொலைத்தவன், வணிகரோடு மரக்கலம் ஏறினான். இரவில் கலம் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறினான். களைப்பில் மரத்தடியில் உறங்கினான். ஆடையற்ற நாகர் வந்து சூழ்ந்தார்கள். தனியே வந்த உடம்பு, நல்ல உணவு என்று மகிழ்ந்தார்கள். சாதுவன் கண்விழித்து அவர்களுடைய மொழியிலேயே பேசினான். அவ்வளவுதான். கொல்ல வந்தவர்கள் விலகி நின்று வணங்கி, தங்கள் தலைவனிடம் அழைத்துப்போனார்கள். அந்தத் தலைவன் இருந்த இடத்தைச் சாத்தனார் காட்டும் விதம் மறக்க முடியாதது. கள் காய்ச்சும் பானைகள், காயவைத்த இறைச்சியின் முடைநாற்றம், வெள்ளெலும்புகள் கிடக்கும் இருக்கை. அதன்மேல் பெண் கரடியோடு ஆண் கரடி இருப்பதுபோல அவன் தன் மனைவியோடு இருக்கிறான்.

கரடி என்று சொல்லியாகிவிட்டது. இன்றைய விளையாட்டு நூல் ஒன்றென்றால் இந்த இடத்தில் வாள் உருவப்பட்டிருக்கும். சாத்தனார் என்ன செய்தார்? அந்தத் தலைவனை வாதாட வைத்தார். விருந்தாளிக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுங்கள் என்று முதலில் உபசரிக்கிறான். சாதுவன் மறுத்து, பிறவியையும் வினையையும் பற்றிச் சொல்கிறான். தலைவன் சிரிக்கிறான். உடம்பை விட்டுப் போன உயிர் இன்னோரிடத்தில் புகும் என்கிறாயே, அது எப்படி என்று கேட்கிறான். எவ்வளவு கூர்மையான கேள்வி! சாதுவன் கனவை உவமை காட்டி விடை சொன்ன பிறகு அவன் சொல்வது இன்னும் பெரிது. கள்ளையும் ஊனையும் விட்டால் நாங்கள் உயிர் வாழ முடியாது, எங்களால் செய்யக்கூடிய அறத்தைச் சொல் என்கிறான். இருவரும் ஓர் இணக்கத்துக்கு வருகிறார்கள். கலம் உடைந்து கரை சேர்பவரைக் கொல்லக் கூடாது. மூப்பால் இறக்கும் விலங்குகளைத் தவிர வேறு உயிருக்குத் தீங்கு செய்யக் கூடாது. தலைவன் ஒப்புக்கொள்கிறான். முன்பு உடைந்த கலங்களிலிருந்து எடுத்து வைத்திருந்த அகிலையும் சந்தனத்தையும் துணிகளையும் சாதுவனுக்கே கொடுக்கிறான். அவர்கள் மனிதராக மாறிவிடவில்லை, கள்ளை விடவில்லை, நாகராகவே இருந்துகொண்டு ஒரு சட்டத்தை ஏற்றார்கள்.

அந்தச் சட்டம் எதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கலம் உடைந்து வருபவனைப் பற்றியது. இப்போது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். அங்கே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. வெளிநாட்டவர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். அரசனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. கற்பனை நாகரின் இணக்கமும் உண்மை அரசனின் ஆணையும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன: உடைந்த கலத்தில் உள்ளது யாருக்குச் சொந்தம், அதில் வந்தவனை என்ன செய்வது? காவியத்தைப் படித்துத்தான் அரசன் கல் வெட்டினான் என்று நான் சொல்லவில்லை. கரையில் வாழ்பவர்களுக்கு அந்தக் கேள்வி எந்தக் காலத்திலும் தப்பாதது. அதனால்தான் சாத்தனார் தம் நாகருக்கு அதையே முதற்சட்டமாக வைத்தார். கற்பனை இனத்துக்கு உண்மையான கரையின் உண்மையான சிக்கலைக் கொடுத்தார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சொத்து, வழக்கு, சட்டம், விருந்து என்று எல்லாம் சொல்லிவிட்டீர்களே, பிறகு பாம்பு எங்கே? இவர்கள் வெறும் மனிதர்தானே, பாம்புத் தோல் எதற்கு? இதற்கு விடை நாகபூசணி அம்மனின் தலபுராணத்தில் இருக்கிறது. புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் அம்மனுக்குப் பூசை செய்ய வாயில் பூ ஏந்தி நாள்தோறும் கடலை நீந்திவரும். ஒரு நாள் கருடன் அதைக் கொல்ல வந்தது. நாகம் கடல் நடுவே ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்தப் பூவைச் சற்று நின்று பாருங்கள். நாகத்துக்குக் கை இல்லை. அது பூவை வாயில்தான் கொண்டுவர முடியும். அதன் ஒரே படைக்கலமும் வாய்தான். கருடனைக் கொத்த வேண்டுமானால் பூவைக் கடலில் விட வேண்டும். பூவைக் காக்க வேண்டுமானால் கொத்த முடியாது. ஒரு மனித அடியவருக்கு இந்த இக்கட்டு வராது. ஒரு கையில் பூத்தட்டு, மறுகையில் தடி என்று போய்விடுவார். பாம்பின் உடல் பக்திக்கு ஒரு விலை வைக்கிறது. விலங்குச் சாயல் ஒரு கதைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கொடை இதுதான். அந்த உடல் ஒரு முடிவைக் கடினமாக்க வேண்டும். செதிலும் வாலும் அலங்காரத்துக்கு மட்டும் இருந்தால் அவை தேவையில்லை என்ற மறுப்பை நானும் ஏற்றுக்கொள்வேன்.

அந்தக் கதை எப்படி முடிகிறது? அவ்வழியே வந்த சோழநாட்டு வணிகர் ஒருவர் நாகத்துக்காகக் கருடனிடம் பரிந்து பேசுகிறார். அம்மனுக்கு நீ கோயில் கட்டு, நான் இதை விடுகிறேன் என்கிறது கருடன். பாம்பு, பறவை, மனிதன் என்ற மூன்று தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றன. இந்த இடத்தில் குடாநாட்டின் வடகரையையும் நினைவுகூர வேண்டும். குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் மாறியதையும், கீரி முகம் கொண்ட நகுலமுனிவர் அங்கேயே முகம் மாறியதையும் நாம் எல்லோரும் அறிவோம். அங்கே விலங்கு முகம் ஒரு பிணி, தீர்த்தத்தில் தீர வேண்டியது. நயினாதீவிலோ நாகத்தைக் குணப்படுத்த யாரும் நினைக்கவில்லை. நாகமாகவே நீந்தியது, நாகமாகவே வழிபட்டது. இரண்டும் அழகான கதைகள்தான். ஆனால் ஓர் இனத்தைக் கற்பிக்க விரும்புபவருக்கு இரண்டாவதே வழிகாட்டி.

அடுத்த மறுப்பு வரலாற்றுக்காரருடையது. நாகர் உண்மையில் வாழ்ந்த மக்கள், அவர்களைப் பாம்பாக்கி விளையாடலாமா என்பது. முதலியார் இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' பற்றிய ஆங்கில நூலில் நாகரை வாழ்ந்த மக்களாகவே கொண்டார். தொல்லியலாளர் பரணவிதான அவர்களை மனிதருக்கு அப்பாற்பட்டவர்களாகவே கண்டார். 1936 இல் குடாநாட்டின் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஓர் அமைச்சன் ஆண்டதைச் சொல்கிறது. ஆக, இந்த நிலப்பரப்பின் பெயர் நாகதீவு என்பது உறுதி. இலங்கை அரசர் வரிசையில் இளநாகன், சோரநாகன், மகல்லகநாகன் என்ற பெயர்கள். சங்கப் புலவரில் மருதன் இளநாகனார், முரஞ்சியூர் முடிநாகராயர். பெயர் மக்களிடையே பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் தனி இனம் ஒன்று இருந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து ஆராயட்டும். கதை சொல்பவர் அவர்களுடைய தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தம் கதையை வரலாறு என்று சொல்லவும் கூடாது. காவியத்தைச் சான்றாக்கி, எங்கள் மூதாதையர் உங்களுக்கு முன்னரே இங்கே இருந்தனர் என்று காணிச் சண்டை பிடிப்பது மகோதரனும் சூளோதரனும் பட்ட பாட்டை இன்னொருமுறை படுவதற்குச் சமம்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. மனிதக் கூட்டம் ஒன்றை விலங்காகக் காட்டுவது ஆபத்தானது என்பது. உண்மை. இந்த நாட்டில் அது எவ்வளவு உண்மை என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே மகாவம்சம், தான் இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லும் விசயனின் தகப்பன் சிங்கபாகுவுக்குச் சிங்கத்தின் கைகால்கள் இருந்தன என்கிறது. ஒரு பக்கம் சிங்கத்தின் வழி, மறுபக்கம் பாம்பின் இனம் என்று கொடி பிடித்துவிட்டால் கதை படையாகிவிடும். ஆபத்து எங்கே தொடங்குகிறது? பிறப்பாலேயே ஓர் இனம் முழுவதும் தீயது என்று எழுதும் இடத்தில் தொடங்குகிறது. மேலைநாட்டு விளையாட்டுக்காரரும் இதைத் தாமதமாக உணர்ந்திருக்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் நிறுவனம் 2020 இல், தன் விளையாட்டில் சில இனங்களை முழுக்கத் தீயவராகக் காட்டிவந்ததைத் திருத்தப்போவதாக அறிவித்தது. சாத்தனாரின் கதையில் அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. ஊன் தின்னும் நாகரைத்தான் அவர் காட்டினார், கரடி என்று ஒப்பிடவும் செய்தார். அது கலத்தில் வந்தவன் கண்ணுக்குத் தெரிந்த காட்சி. ஆனால் மொழி தெரிந்தவன் அருகில் போனதும் அந்தக் கரடி கேள்வி கேட்டது, விருந்து வைத்தது, ஒப்பந்தம் செய்தது. அச்சத்தை மறைக்காமல் எழுதி, அதைத் தாண்டியும் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியாக, தெய்வம் சார்ந்த பொருளை விளையாட்டாக்குவதா என்று மனம் நோகும் பெரியவர்களுக்கு மிகுந்த மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். அம்மனை யாரும் பகடைமுன் இருத்த வேண்டாம். புத்தரையும் இருத்த வேண்டாம். வழிபடும் தெய்வம் வழிபாட்டிலேயே இருக்கட்டும். நாகர் வேறு. அவர்கள் பாளியிலும் தமிழிலும், பௌத்தர் வாயிலும் சைவர் வாயிலும் திரும்பத் திரும்பப் புதிதாகச் சொல்லப்பட்டே வந்தவர்கள். நாம் சொல்லாமல் விட்டால் அவர்கள் சும்மா இருக்கப்போவதில்லை. வேறு யாரோ, குகையில் தனியே கிடக்கும் நஞ்சுப் பாம்பாக, நம் பிள்ளைகளுக்கே அவர்களைத் திருப்பி விற்பார்கள்.

ஆகவே பின்வரிசை இளையோரே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தத் தீவுகளை வைத்து ஒரு விளையாட்டுக் களம் எழுதுங்கள். நெடுந்தீவின் கோறைக்கல் மதில்களும் அங்கே மேயும் குதிரைகளும் புளியந்தீவுக் கடலும் அதில் இருக்கட்டும். நாகரை வரையும்போது செதிலின் நிறத்தை முதலில் தீர்மானிக்காதீர்கள். முதலில் இதைத் தீர்மானியுங்கள்: அவர்களிடத்தில் தாயின் சொத்து யாருக்குப் போகும்? மாமன் இல்லாத பிள்ளைக்கு யார் பேசுவார்? கை இல்லாதவர் எப்படிக் கொடுப்பார், எப்படி வாங்குவார்? பருந்தின் இனத்தோடு எந்த மாதத்தில் சமாதானம், எந்த மாதத்தில் பகை? பிறகு முதல் ஆட்டத்தைத் தொடங்குங்கள். இரவு. சோளகக் காற்று. குதிரைகள் ஏற்றிவந்த ஒரு கலம் கரைக்கு அப்பால் உடைகிறது. மேசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதில் வந்தவர்கள், பாதிப் பேர் கரையில் நிற்கும் நாகர். குதிரைகளில் எத்தனை பங்கு யாருக்கு என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.